சைக்கிளைக் கழுவினால் ஃப்ரீவீலுக்கும் (மிதிக்காதபோதும் பின்சக்கரத்தை ஓடவிடும் பல்சக்கரப் பகுதி) பேரிங்குக்கும் (அச்சு சுழல உதவும் குண்டுகள்) தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தண்ணீரை விட அதன் வேகம்தான் ஆபத்து. வாட்டர் சர்வீஸ் கடையில் பைக்குக்கு அடிக்கிற பிரஷரைச் சைக்கிளுக்கு அடிக்கவே விடாதீர்கள். ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பெடல் அச்சு, ஹேண்டில்பார் கழுத்து எல்லாவற்றிலும் தண்ணீரைத் தடுக்க இருக்கும் சீல் மழைச்சாரலைத் தாங்கும், பீய்ச்சி அடித்தால் தாங்காது. உள்ளே போன தண்ணீர் கிரீஸோடு கலந்து பால்போல வெளுத்துவிடும். அப்புறம் பேரிங் குண்டுகளில் துரு ஏறும்.

ஃப்ரீவீல் இன்னும் பாவம். சுற்றும் பகுதிக்கும் சுற்றாத பகுதிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு, பெரும்பாலும் அதற்குச் சரியான சீல் கிடையாது. சைக்கிளைப் படுக்கப்போட்டுக் கழுவினால் தண்ணீர் நேராக அதில்தான் இறங்கும்.

அதனால் நிற்கவைத்து, வாளித் தண்ணீரும் ஸ்பாஞ்சும் வைத்து மேலிருந்து கீழே கழுவுங்கள். பல்சக்கர அழுக்கை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் எடுங்கள். ஊற்றினால் அது உள்ளே போய் எண்ணெயைக் கரைத்துவிடும். துடைத்ததும் சக்கரத்தைச் சுற்றிவிட்டு உலரவிடுங்கள். பிறகு ஃப்ரீவீல் மேலே வரும்படி சாய்த்து, அந்த இடைவெளியில் சில சொட்டு மெஷின் ஆயில் விட்டு, பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். 'டிக் டிக்' சத்தம் சீராகும். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

சக்கரத்தைச் சுற்றும்போது ஹப்பில் மணல் அரைப்பதுபோல் சத்தம் வந்தால் எண்ணெய் விட்டுச் சமாளிக்க வேண்டாம். பிரித்துத் துடைத்துப் புது கிரீஸ்தான் வைக்க வேண்டும்.