பேச்சை நிறுத்தித் திருத்த வேண்டுமா?

கேள்வி: பர்மாவின் யாங்கூனிலும் பெகுவிலும் வாழும் தமிழ் நண்பர்கள் ஆறு பேர், அனைவரும் அறுபதைக் கடந்தவர்கள், மாலைதோறும் கைப்பேசி வழியே கூடி ஆங்கிலம் பேசிப் பழகுகிறோம். ஒருவர் ஒவ்வொரு பிழைக்கும் இடைமறித்துத் திருத்துவதால் இருவர் வாயே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், யாங்கூன்

பதில்: அவர் நல்லெண்ணத்தில்தான் திருத்துகிறார், ஆனால், கதை பாதியில் அறுந்தால், சொல்ல வந்தவருக்கு இலக்கணமும் ஏறாது, கதையும் மிஞ்சாது. பிழைகளைக் குறித்துவைத்து, இறுதிப் பத்து நிமிடத்தில் இரண்டை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

எதைத் திருத்துவது என்பதே முக்கியம். பர்மியப் பேச்சில் 'துவா தே' என்ற ஒரே வடிவம் 'போகிறேன்', 'போனேன்' இரண்டுக்கும் பொருந்துவதால், பர்மிய வழியில் படித்தவர்கள் நேற்று நடந்ததையும் ஆங்கிலத்தில் 'கோ' என்றே சொல்லிவிடுகிறார்கள். அதைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால், 'போனேன்' என்ற வினையே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். 'வென்ட்' தானாக நினைவுக்கு வரும். உச்சரிப்பு வேறு கதை. பர்மியம் சொல்லின் இறுதி மெய்யை விழுங்கும். தமிழோ 'பஸ்ஸு' என்று ஓர் உகரத்தை ஒட்டும். இரு மொழியும் நாவில் ஊறிய நமக்கு இரண்டு தொல்லையும் உண்டு (எனக்கும்தான்). பொருள் மாறாத இடத்தில் அதை விட்டுவிடலாம்.

வாய் திறக்காத இருவரிடமும் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய பர்மிய அரிசி நூடுல்ஸ்) செய்முறையைக் கேளுங்கள். மீன் குழம்பில் வாழைத்தண்டை எப்போது சேர்ப்பது என்று மற்றவர்கள் தவறாகச் சொன்னால், அவர்களே இடைமறிப்பார்கள்.