மே மாத வெயிலும் கிரெடிட் கார்டு பாக்கியும்

கேள்வி: நாங்கள் அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் சம்பளமும் என் சம்பளமும் சேர்ந்து மாதம் 46,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. போன வருடம் கோடை விடுமுறையில் ஆறு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மாலுக்குக் கூட்டிப்போனோம். பெரிதாக எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் கிரெடிட் கார்டில் 18,600 ரூபாய் ஏறிவிட்டது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்து, தீபாவளி போனஸில்தான் அடைத்தோம். இந்த வருடம் எங்கேயும் போக வேண்டாம் என்கிறார் கணவர். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஊட்டி, கொடைக்கானல் என்று போகும்போது இவர்களை வீட்டிலேயே அடைத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு ஒதுக்கலாம், எங்கே போகலாம், சொல்லுங்கள் ஐயா.

பதில்: வணக்கம் சகோதரி. உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளை வீட்டில் அடைக்கக் கூடாது என்று நீங்கள் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் இடம் கொடுக்கிற மாதிரி ஒரு கணக்கு போடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் செலவை நீங்கள் பிரித்து எழுதியிருந்தது எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. சினிமா டிக்கெட் 760, பாப்கார்னும் குளிர்பானமும் 620, விளையாட்டு அரங்கக் கார்டு 600, சாப்பாடு 720, ஆட்டோ 400. மொத்தம் 3,100 ரூபாய். இதில் மாலுக்குள் நுழைய நீங்கள் ஒரு பைசாவும் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதுவும் இலவசமான இடம்தான். எனவே நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்பதை விட, உள்ளே இருக்கிற நாலு மணி நேரமும் கண் முன்னால் என்ன விற்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

ஏன் மாலுக்குப் போனீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை பிள்ளைகளை வெளியே வைத்திருக்க முடியாது. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை கத்திரி வெயில் வேறு. அந்த ஐந்து மணி நேரத்துக்கு ஏசி தேவைப்படுகிறது. நீங்கள் 3,100 ரூபாய் கொடுத்து வாங்கியதில் பெரும்பங்கு குளிர்ச்சிதான். அதே நிழல் காசு இல்லாமலோ சொற்பக் காசுக்கோ எங்கே கிடைக்கும் என்று தேடினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முதலில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது. கட்டணம் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, நடுவில் பெரிய செயற்கை மரம். உங்கள் மகன் அந்த மரத்தடியை விட்டு வரமாட்டான் என்று நினைக்கிறேன். அம்பத்தூரிலிருந்து லோக்கல் ரயிலில் சென்ட்ரல் வந்து, பக்கத்திலேயே பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரத்தில் இறங்கலாம். நாலு பேரும் போய்வர ரயில் செலவு நூறு ரூபாயைத் தாண்டாது. ஆட்டோவுக்குக் கொடுத்த 400-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அரசு விடுமுறை நாட்களில் மட்டும் நூலகம் மூடியிருக்கும்.

அடுத்தது எழும்பூர் அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கிய இடம், சென்னைவாசிகளில் பலர் பள்ளிச் சுற்றுலாவோடு மறந்துவிட்ட இடம். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தமே உண்டு. திருவாலங்காட்டு நடராசர் செப்புத் திருமேனி அங்கேதான் இருக்கிறது. அமராவதி பௌத்தச் சிற்பங்கள் இருக்கின்றன. பையனுக்குத் திமிங்கல எலும்புக்கூடு போதும். நுழைவுக் கட்டணம் சிறு தொகைதான். எல்லாக் கூடங்களிலும் ஏசியை எதிர்பார்க்காதீர்கள். காலை ஒன்பதரைக்குத் திறந்ததும் உள்ளே போய், கட்டடம் கட்டடமாக மெதுவாகப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று ஓட வேண்டாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

மெரினாவுக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதன் பழைய கதையைச் சொல்லுங்கள். அது 1842-ல் ஐஸ் வைக்கக் கட்டிய கிடங்கு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கட்டி வந்து இறங்கியது, அதனால்தான் ஐஸ் ஹவுஸ் என்று பெயர். 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். கடல் தாண்டி வந்த ஐஸைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று கேட்டால் உங்கள் மகள் நூறு கேள்வி கேட்பாள்.

அங்கிருந்து வெயில் இறங்கியதும் கடற்கரை. சாயங்காலம் கடற்காற்று ஏறிய பிறகு மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ இரண்டு மணி நேரம் உட்கார்வதற்கு ஈடாகச் சென்னையில் வேறெதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெரினாவில் அலை இழுக்கும், குளிக்க இறங்கவே கூடாது. ஏப்ரலில் பெசன்ட் நகர் போனால் ஒன்று விசாரியுங்கள். பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி இட்ட முட்டைகளைத் தன்னார்வ மாணவர்களும் வனத்துறையும் எடுத்துப் பொரிப்பகத்தில் காத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குஞ்சு தத்தித் தத்தி அலையை நோக்கிப் போவதைப் பார்த்த பிள்ளை, பள்ளி திறந்ததும் ஊட்டி போய்வந்த தோழியிடம் சொல்ல ஒரு கதை வைத்திருக்கும்.

பூங்காக்கள் என்றால் உங்களுக்குக் கிட்டத்தில் அண்ணா நகர் டவர் பார்க். 1968 வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் அது. வண்டலூரும் கிண்டி சிறுவர் பூங்காவும் செவ்வாய்க்கிழமை இருக்காது. வேடந்தாங்கலுக்கு மே மாதம் போக வேண்டாம், பறவைகள் பெரும்பாலும் கிளம்பிவிட்டிருக்கும். புதிதாக வந்திருக்கிற சில பூங்காக்களில் உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி டிக்கெட். அந்த மாதிரி இடத்துக்குப் போகுமுன் எதற்கெல்லாம் காசு என்று வீட்டிலேயே பார்த்து, எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

நீங்களும் மகளும் வெள்ளைப் பலகை போட்ட சாதாரண மாநகரப் பேருந்தில் போனால் டிக்கெட் இல்லை, 2021 மே மாதத்திலிருந்து இந்தச் சலுகை இருக்கிறது. கணவருக்கு முழு டிக்கெட், மகனுக்கு அரை டிக்கெட், அவ்வளவுதான்.

இனி பணம். மொத்தம் 6,500 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள், ஏப்ரல் சம்பளத்தில் 3,000, மே சம்பளத்தில் 3,500. ஐந்து ஞாயிறுக்கு ஒவ்வொன்றுக்கும் 400 என்றால் 2,000. ரயிலுக்கு நூறு, நுழைவுச் சீட்டுக்கும் மாலையில் சுண்டலுக்கும் இருநூறு, பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஐம்பது. அந்த ஐம்பதை அவர்கள் செலவழிக்கலாம், மிச்சம் பிடித்தால் அவர்களுக்கே. சாப்பாடு வீட்டிலிருந்து போகட்டும். புளிசாதம், தயிர்சாதம், மாவடு, ஒரு பெரிய கேனில் தண்ணீர், பிளாஸ்கில் நீர்மோர். வெளியே பாட்டில் தண்ணீருக்கு மட்டும் ஒரு நாளில் எவ்வளவு போகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

4,000 ரூபாய் ஒரு பெரிய நாளுக்கு. அது தீம் பார்க்கோ, சினிமாவும் ஹோட்டலுமோ, பிள்ளைகளே முடிவு செய்யட்டும். அதை விடுமுறையின் கடைசி வாரத்தில் வையுங்கள். முன்னால் மிச்சமாவது அதில் சேரும் என்று தெரிந்தால், ‘அது வேண்டும், இது வேண்டும்’ என்ற கேள்வியை அவர்களே குறைத்துக்கொள்வார்கள். பாக்கி 500 அவசரத்துக்கு.

பணத்தை ரொக்கமாக எடுத்து ஒரு கவரில் போட்டு, கணக்கு எழுதும் வேலையை மகளிடம் கொடுங்கள். பதினொரு வயது அதற்குச் சரியான வயது. கிரெடிட் கார்டு வீட்டில் இருக்கட்டும். போனில் யுபிஐ-யோடு அதை இணைத்திருந்தால் நீக்கிவிடுங்கள்.

கார்டு விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5% அளவில் இருக்கிறது. 18,600-க்கு ஒரு மாத வட்டி 651 ரூபாய். வட்டியின் மேல் 18% ஜிஎஸ்டி. ஆக 768 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 5% என்றால் நீங்கள் கட்டியது 930. அதில் அசலில் கழிந்தது 162 ரூபாய் மட்டும்தான்! பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கிய மளிகைக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். தீபாவளி போனஸ் வந்து அடைத்தீர்கள், நல்லது. இந்த வருடம் போனஸ் வேறு நல்ல காரியத்துக்கு இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. 18,600 எங்கே, 6,500 எங்கே, 12,100 மிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். அது உங்கள் கையில் இருந்த பணம் அல்ல, கடன். அதை எடுக்காமல் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஜூனில் பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை எல்லாம் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும்.

அது முடிந்த பிறகு ஜூலையில் வங்கியில் ஒன்பது மாத ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டிச் சேர்க்கிற தொடர் வைப்பு) ஒன்று தொடங்குங்கள், மாதம் 800 ரூபாய். மார்ச்சில் கடைசித் தவணை, ஏப்ரலில் 7,200 ரூபாயும் சிறிது வட்டியும் கைக்கு வரும். சில வங்கிகளில் ஆர்.டி.க்குக் குறைந்தது ஒரு வருடம் என்பார்கள். அப்படிச் சொன்னால் ஒன்பது மாதத்துக்கு வாங்குகிற வங்கியாகப் பாருங்கள், முதிர்வுத் தேதி பள்ளி விடுமுறை விடுவதற்கு முன்பே வருகிறதா என்று கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.