விடுதலை நாளுக்கு வண்ண பாம் (அழகுப் பனை) செடிகள்: பெங்களூருவில் எவை நிலைக்கும்?

கேள்வி: அல்சூரில் எங்கள் வீட்டின் முன்புறம் எட்டடி அகலத்தில் சிறிய தோட்டம் இருக்கிறது. சென்ற ஆகஸ்டில் வாங்கிய சிவப்புத் தண்டு லிப்ஸ்டிக் பாம், ஜனவரியில் கருகிவிட்டது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றும் இடத்தைச் சுற்றி மூவண்ணம் தெரியும்படி எந்தப் பாம்களை வைக்கலாம்?

பதில்: செடி கருகியதற்குத் தங்கள் கவனக்குறைவு காரணமன்று. லிப்ஸ்டிக் பாமின் தாயகம் மலேயா, சுமத்ரா, போர்னியோவின் சதுப்புக் காடுகள். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் குறையாத அத்தகைய மண்ணுக்குப் பழகியதால்தான் சிங்கப்பூரில் அது செழிக்கிறது, அங்குள்ள தாவரவியல் பூங்காவின் சின்னமாகவும் விளங்குகிறது. பெங்களூருவோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 டிகிரிக்கு அருகே இறங்கும் குளிரையும், அதைத் தொடர்ந்து வரும் வறண்ட காற்றையும் இந்தச் செடியால் தாங்க இயலாது. தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால், போர்வெல் தண்ணீரும் சேர்ந்து வேரைக் கெடுத்திருக்கிறது என்று கொள்ளலாம். இதை மீண்டும் வாங்க வேண்டாம்.

சிவப்பு வேண்டுமென்றால் நான் முதலில் சொல்வது நியூ கலிடோனியாவைச் சேர்ந்த சாம்பெரோனியா. மிதமான குளிரைத் தாங்கும். ஓரளவு நிழலிலும் வளரும். இதில் தண்டு சிவப்பதில்லை, குருத்தோலைதான் செம்பு கலந்த சிவப்பாக விரியும். அந்த நிறம் ஏறத்தாழ பத்து நாள் நின்று, நடுநரம்பின் ஓரமாகப் பச்சை ஏறி, பிறகு ஓலை முழுவதும் பச்சையாகிவிடும். ஆண்டுக்குச் சில ஓலைகளே விடும் செடியாதலால், அது ஆகஸ்ட் 15 அன்று சிவந்து நிற்கும் என எதிர்பார்க்க முடியாது. எல்லாக் கன்றுகளிலும் குருத்து சிவப்பதும் இல்லை. ஆகவே லால்பாக் பக்கம், சித்தாபுர நர்சரிகளில் தேடும்போது, செங்குருத்தைக் கண்ணால் பார்த்த கன்றையே வாங்குங்கள்.

காவிக்கு அருகில் வருவது மடகாஸ்கரைச் சேர்ந்த அரேக்கா பாம். வெயில் படும் இடத்தில் அதன் மட்டைகள் பொன்மஞ்சளாகும், நிழலில் பச்சையாகவே நின்றுவிடும். எனவே கொடிக்கம்பத்தின் வெயில் பக்கத்தில் வையுங்கள். அதன் அடியில் செண்டுமல்லித் தொட்டிகளை அடுக்கினால் இந்த ஆண்டே காவி நிறைவாகத் தெரியும். வெள்ளைக்கென்று சாம்பல்வெள்ளை பிஸ்மார்க் பாமைச் சிலர் பரிந்துரைப்பார்கள். முழுதாக வளர்ந்தால் 15 அடிக்கு மேல் விரியும் அந்த மரத்துக்குத் தங்கள் எட்டடி இடம் போதாது. நம் நந்தியாவட்டையே போதும், பூசைக்கும் பூ கிடைக்கும். பச்சைக்குத் தனியாக எதையும் தேட வேண்டியதில்லை.

நடுவதற்கு இந்த மழைக்காலம் உகந்தது. செம்மண்ணோடு மக்கிய தொழுவுரமும் மணலும் கலந்து, தண்ணீர் தேங்காதபடி குழியை அமையுங்கள்; தொட்டியிலிருந்து எடுக்கும்போது வேர்ப்பந்து உடையக் கூடாது, ஏனெனில் பாம்கள் வேர் அறுந்த அதிர்ச்சியிலிருந்து மெதுவாகவே மீளும். குருத்து மண்ணில் புதையாமலும் அதற்குள் உரம் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தண்டான சாம்பெரோனியாவுக்கு வளர்முனை ஒன்றுதான். அது அழுகினால் செடியே போய்விடும். முடிந்த நாள்களில் மழைநீரை ஊற்றுங்கள், முற்றிலும் காய்ந்த மட்டைகளை மட்டும் வெட்டுங்கள். விழாவுக்காக மின்விளக்குச் சரம் கட்டுவதாக இருந்தால், குருத்தைச் சுற்றாமல் பக்கத்துக் கம்பத்தில் கட்டுங்கள்.