வருமானம் உயர்ந்தால் ஜனநாயகத்தின் மீது பிடிப்பு தானாக வந்துவிடாதா?

வேலையும் வருமானமும் சரியாக இருந்தால் போதுமே, மரியாதை, அங்கீகாரம் எல்லாம் இரண்டாம் பட்சம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. வயிறு காய்ந்தவனுக்கு எந்த ஆட்சிமுறை மீதும் பற்று இருக்காது. ஆனால் வயிறு நிறைந்தவர்களும் ஏன் குமுறுகிறார்கள் என்பதற்கு அந்தக் கணக்கில் விடை கிடையாது.

கிழக்கு ஜெர்மனியைப் பாருங்கள். 1990இல் மேற்கு ஜெர்மனியுடன் இணைந்த பிறகு மேற்கிலிருந்து பணம் கொட்டியது. சாலைகள் புதிதாயின, ஓய்வூதியம் உயர்ந்தது. கூடவே ஆலைகள் மூடப்பட்டன; பலரது படிப்பும் அனுபவமும் செல்லாக்காசாகிவிட்டன; உயர் பதவிகளில் மேற்கிலிருந்து வந்தவர்கள் அமர்ந்தார்கள். 'நாங்கள் இரண்டாந்தரக் குடிமக்கள்' என்ற பேச்சு ஒரு தலைமுறை கடந்தும் அங்கே ஓயவில்லை.

சமூகத்தில் தன் இடம் தாழ்ந்தது என்ற இந்த உணர்வை அளக்க ஆய்வாளர்கள் எளிய வழி வைத்திருக்கிறார்கள். பத்துப் படிகள் கொண்ட ஏணியில் சமூகத்தில் உங்கள் இடம் எது என்று கேட்பார்கள். நோம் கிட்ரான், பீட்டர் ஹால் இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைக் கீழ்ப்படிகளில் வைத்துக்கொள்பவர்கள் வலதுசாரி ஜனரஞ்சகக் கட்சிகளின் (சாதாரண மக்களை மேல்தட்டு ஏமாற்றுகிறது என்று முழங்கும் கட்சிகளின்) பக்கம் சாய்வது அதிகம் என்று கண்டார்கள். அதிலும் அடிமட்டப் படியில் இருப்பவரைவிட, அதற்குச் சற்று மேலே நின்று வழுக்கிவிடுவோமோ என்று அஞ்சுபவரிடம்தான் அந்தச் சாய்வு கூடுதல்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லா மனக்குறையும் நியாயமானதல்ல. நேற்றுவரை தனக்குக் கீழே இருந்தவர் சமமாக வந்து உட்கார்ந்ததையே அவமானமாக எண்ணுபவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்கள் கேட்பது பழைய உயரத்தை. அதற்கு ஜனநாயகம் பொறுப்பாளி ஆக முடியாது.

மற்றவர்கள் கேட்பது பெரிய விஷயமல்ல. அரசு அலுவலகத்தில் மனுவோடு நிற்கிறார் ஒருவர். அதிகாரி தலை நிமிராமல் தாளைத் தள்ளிவிட்டு, 'அடுத்தவர்' என்கிறார். மனு தள்ளுபடியானதைவிட அந்தத் தலை நிமிராமைதான் வீடுவரை கூடவே வரும். உளவியலாளர் டாம் டைலர் 1980களில் சிகாகோவில் 1,575 பேரிடம் பேசித் தெரிந்துகொண்டதும் ஏறக்குறைய இதுதான்: முடிவு பாதகமாக இருந்தாலும், தன் தரப்பைக் கேட்டார்கள், கண்ணியமாக நடத்தினார்கள் என்று உணர்ந்தவர்கள் போலீஸையும் நீதிமன்றத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். நலத்திட்டத் தொகையைக் கூட்டுவதோடு, மனுவை நிராகரிக்கும்போது காரணத்தைப் புரியும்படி எழுதித் தரும் பழக்கத்தையும் கொண்டுவந்தால் போதும். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.