சால்வன்சி ரேஷியோ 1.5-க்கு மேல் இருந்தால் என் பணம் பத்திரமா?

கேள்வி கேட்டவரின் கவலை நியாயமானது. 20 வருடம் பிரீமியம் கட்டப் போகிறார், நடுவில் கம்பெனி முழுகிவிட்டால் என்ன செய்வது என்கிறார். அவரிடம் பாலிசி விற்க வந்த ஏஜென்ட், "எங்க சால்வன்சி ரேஷியோ 2.1 சார், கவர்மென்ட் கேக்கறதே 1.5தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை நம்பி உட்காரலாமா என்பது கேள்வி.

நான் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 26 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஆக்சுவரி, அதாவது வரப்போகும் கிளெயிம்களைக் கணக்கிட்டு மதிப்பிடும் நிபுணர் இல்லை, பெரிய அதிகாரியும் இல்லை. ஆனால் அந்த எண் எங்கள் மேஜைகளிலிருந்துதான் மேலே போகும். அதனால் அது எப்படிச் சமைக்கப்படுகிறது என்று கொஞ்சம் தெரியும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். 1.5 என்றால் உங்கள் ஒரு ரூபாய்க்கு ஈடாகக் கம்பெனி ஒன்றரை ரூபாய் பெட்டியில் வைத்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நாளைக்கு வரப்போகும் கிளெயிம்களுக்காக ஆக்சுவரி மதிப்பிட்டு ஒதுக்கும் தொகை, அதாவது ரிசர்வ், முழுக்கக் கடன் கணக்கில்தான் வரும். கம்பெனியின் சொத்திலிருந்து அந்த ரிசர்வையும் மற்றக் கடன்களையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் இங்கே பேச்சு. சாப்பாட்டு நெல்லை அளந்து வைத்த பிறகு குதிரில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது மாதிரி. அந்த மிச்சத்தை, சட்டப்படி இருக்க வேண்டிய மிச்சத்தால் வகுத்தால் வருவதே சால்வன்சி ரேஷியோ. 1.5 வேண்டும் என்று காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ கேட்கிறது.

இருக்க வேண்டிய மிச்சம் எவ்வளவு? பொதுக் காப்பீட்டில் கணக்கு எளிது. மறுகாப்பீடு (காப்பீட்டுக் கம்பெனி தனக்கே இன்னொரு கம்பெனியிடம் எடுக்கும் காப்பீடு) போக நிகர பிரீமியத்தில் 20 சதவீதம் ஒரு பக்கம், நிகர கிளெயிமில் 30 சதவீதம் இன்னொரு பக்கம், இரண்டில் எது பெரிதோ அது. இதில் சில திருத்தங்கள் உண்டு, இப்போதைக்கு அவை வேண்டாம். ஆயுள் காப்பீட்டில் ரிசர்வில் ஒரு சிறு சதவீதமும், இறப்பு நேர்ந்தால் கையை விட்டுப் போகும் தொகையில் இன்னும் சிறிய ஒரு சதவீதமும் சேரும்.

1938-ஆம் வருடத்துக் காப்பீட்டுச் சட்டப்படி ஆயுள், பொது, மருத்துவக் காப்பீடு எதைத் தொடங்கினாலும் 100 கோடி ரூபாய் பங்கு மூலதனம் வேண்டும். மறுகாப்பீட்டுக் கம்பெனிக்கு 200 கோடி. இந்த 100 கோடியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அது வாசலில் வாங்கும் டிக்கெட், அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கோடியும் அப்படியே கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 1.5 ரேஷியோவுக்கு அதைக் கொண்டு தாங்கக்கூடிய நிகர பிரீமியம் ஏறத்தாழ 333 கோடிதான். அதற்கு மேல் விற்றால் முதலாளி மறுபடியும் பணம் கொண்டு வர வேண்டும். ஆயுள் காப்பீட்டில் இது இன்னும் கடினம். முதல் வருடத்துக் கமிஷனும் செலவும் ஒதுக்க வேண்டிய ரிசர்வும் சேர்ந்தால் பல நேரம் வாங்கிய பிரீமியத்தையே தாண்டிவிடும். வியாபாரம் ஓஹோ என்று நடக்கிற வருடத்தில் ரேஷியோ இறங்கும். கடைத்தெருவில் யாரிடமும் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சொத்து என்று கணக்கில் இருப்பதெல்லாம் சொத்து ஆகாது என்பது அடுத்த சங்கதி. எங்கள் கிளையில் ஒரு வருடம் புது மேஜை, நாற்காலி, இரும்பு பீரோ எல்லாம் வாங்கினோம். மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. சால்வன்சி கணக்கில் அத்தனைக்கும் மதிப்பு பூஜ்யம். மேஜை நாற்காலியை விற்று யாருக்கும் கிளெயிம் கொடுக்க முடியாது என்பது விதியின் எண்ணம், சரியான எண்ணம்தான். ஏஜென்ட், புரோக்கர் பக்கம் நிற்கும் பாக்கி 30 நாளைத் தாண்டினால் அதுவும் பூஜ்யம். அதனால்தான் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் கணக்குப் பிரிவு ஆட்கள் வசூல்காரர்களாக மாறிவிடுவோம். ஒரு புரோக்கர் அலுவலக வாசலில் இரவு எட்டு மணி வரை காசோலைக்காக உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அவர் கடைசியில் காபி வாங்கிக் கொடுத்து ஏப்ரல் 2-ஆம் தேதி வரச் சொன்னார். பயிர்க் காப்பீட்டில் மாநில அரசுகள் தர வேண்டிய மானியப் பங்கு மாதக் கணக்கில் நிற்கும், அதற்கு மட்டும் விதியில் கூடுதல் அவகாசம் உண்டு. அரசு வைக்கும் பாக்கி கெடாது என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த 20 சதவீதம், 30 சதவீதக் கணக்கில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏஜென்ட் சொன்ன 2.1-க்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

ஒரு மில் தன் தொழிலாளர்களுக்குக் குழு மருத்துவக் காப்பீடு கேட்கிறது. ஆட்களின் வயதையும் பழைய கிளெயிமையும் பார்த்து ஒரு கம்பெனி 10 கோடி கேட்கிறது. இன்னொன்று எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று 8 கோடிக்கு முடிக்கிறது. ஆட்கள் அதேதான், வரப்போகும் ஆஸ்பத்திரி பில்லும் அதேதான். யாருக்கு அதிக மூலதனம் வேண்டும்? குறைத்து விற்றவருக்கு என்றுதான் தோன்றும். பிரீமியத்தை வைத்துப் போடும் கணக்கு தலைகீழ். 10 கோடிக்காரர் 2 கோடி வைக்க வேண்டும், 8 கோடிக்காரர் 1 கோடியே 60 லட்சம் வைத்தால் போதும். கிளெயிமை வைத்துப் போடும் கணக்கு பின்னாலேயே வந்து அவரைப் பிடிக்கும், ஆனால் அதற்குள் வருடம் ஒன்றோ இரண்டோ ஓடியிருக்கும்.

ரிசர்வ் விஷயம் இன்னும் நுட்பமானது. விபத்து நடந்துவிட்டது, கோர்ட்டில் வழக்கும் இருக்கிறது, தீர்ப்பு எவ்வளவு வரும் என்று தெரியாது. மோட்டார் மூன்றாம் நபர் வழக்குகள் பத்து வருடம்கூட இழுக்கும். சாவுக்கும் காயத்துக்கும் தர வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. பிரீமியத்தையோ அரசு அறிவிக்கிறது. இப்படி ஒரு வழக்குக்கு 12 லட்சம் ஒதுக்குவதா, 8 லட்சம் போதுமா? 8 லட்சம் என்று எழுதினால் கடன் குறையும், மிச்சம் கூடும், கிளெயிம் செலவும் குறைவாகத் தெரிவதால் இருக்க வேண்டிய மிச்சமும் குறையும். மேலே கூடி, கீழே குறைந்து, ரேஷியோ அழகாக ஏறும். யாரும் பொய் எழுதவே வேண்டாம், கொஞ்சம் நம்பிக்கையோடு மதிப்பிட்டால் போதும். இன்னும் தெரிவிக்கப்படாத கிளெயிம்களுக்கு ஆக்சுவரி தனியாக ஒரு தொகை போடுவார், இந்த ஓட்டையை ஓரளவு அடைப்பது அதுதான். ஆகவே ஒரு கம்பெனியின் 2.1, இன்னொன்றின் 1.7-ஐ விட நல்லது என்று என்னால் சொல்ல முடியாது. 1.7-காரர் ரிசர்வைக் கறாராகப் போட்டிருக்கலாம்.

ஐரோப்பாவில் 2016-இல் இந்தப் பழைய முறையைக் கைவிட்டார்கள். 200 வருடத்தில் ஒரு முறை வரக்கூடிய அடியை ஒரே வருடத்தில் தாங்க வேண்டும் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு கம்பெனியும் எடுத்திருக்கும் ஆபத்துக்கு ஏற்ப மூலதனம் கேட்கிறார்கள். பங்குச் சந்தையில் நிறையப் போட்டவருக்கு அதிகம், அரசுப் பத்திரத்தில் போட்டவருக்குக் குறைவு. இலங்கையும் அதே 2016 ஜனவரியில் ஆபத்து சார்ந்த மூலதன முறைக்கு மாறிவிட்டது, அங்கே குறைந்தபட்சம் 120 சதவீதம். இங்கே ஐஆர்டிஏஐ அதற்கான ஒத்திகைக் கணக்குகளைக் கம்பெனிகளிடம் வாங்கிப் பார்த்திருக்கிறது. நம்மிடம் ஏன் இவ்வளவு தாமதம் என்றால், நம்முடைய பழைய முறையும் முரட்டுத்தனமாக வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. முதலீட்டுக்குத் தனியாகக் கடிவாளம் உண்டு, பெரும்பகுதியை அரசுப் பத்திரங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட முதலீடுகளிலும்தான் போட முடியும்.

சரி, ரேஷியோ இறங்கினால் என்ன நடக்கும்? ரிலையன்ஸ் ஹெல்த் இன்சூரன்ஸ் கதையைப் பாருங்கள். 2018 அக்டோபரில் வியாபாரம் தொடங்கிய கம்பெனி அது. 2019 ஜூனிலேயே ரேஷியோ 1.5-க்குக் கீழே போனது. சரிசெய்ய அவகாசம் கொடுத்தும் நடக்கவில்லை, செப்டம்பர் முடிவில் 0.63. நவம்பரில் ஐஆர்டிஏஐ புது பாலிசி விற்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, இருந்த பாலிசிகளை, அவற்றுக்கான பணத்தோடு, ரிலையன்ஸ் ஜெனரலுக்கு மாற்றியது. பாலிசி செல்லாமல் போகவில்லை, கவர் மட்டும் வேறு கம்பெனிக்கு நகர்ந்தது. 1.5 என்பது இதற்காகத்தான். பெட்டி காலியாவதற்கு முன்பே மணி அடித்தால்தான், பாலிசிகளை வேறொருவர் தலையில் வைக்க முடியும். காலியான பிறகு யார் வாங்கிக்கொள்வார்கள்?

இதே விதியின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். நேஷனல், ஓரியண்டல், நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா, இந்த மூன்று அரசுக் கம்பெனிகளின் ரேஷியோ 2024 மார்ச் முடிவில் பூஜ்யத்துக்கும் கீழே. 1.5-க்குக் கீழே என்று தவறாகப் படித்துவிடாதீர்கள், பூஜ்யத்துக்குக் கீழே. 2019-20 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் மத்திய அரசு 17,450 கோடி ரூபாய் போட்ட பிறகு இந்த நிலை. 2018 பட்ஜெட்டில் மூன்றையும் இணைப்பதாக அறிவித்து, 2020-இல் அதைக் கைவிட்டார்கள். குழு மருத்துவக் காப்பீட்டை மலிவாக விற்றதும், மோட்டார் வழக்குகளும், ஓய்வூதியச் சுமையும் சேர்ந்து வந்த வினை. தனியார் கம்பெனி ஒன்று இப்படி இருந்திருந்தால் ஒரு வருடம் தாங்காது. முதலாளி அரசு என்பதால் நடக்கிறது. ஊருக்கு ஒரு சட்டம், மாமியார் வீட்டுக்கு ஒரு சட்டம். நான் சம்பளம் வாங்கிய துறை என்பதற்காக இதை மறைக்க விரும்பவில்லை.

வங்கியில் 5 லட்சம் வரை டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். காப்பீட்டுக் கம்பெனியின் பாலிசிதாரருக்கு இந்தியாவில் அப்படி ஒரு நிதி கிடையாது. எல்ஐசிக்கு மட்டும் 1956-ஆம் வருடச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் மத்திய அரசின் உத்தரவாதம் இருக்கிறது. அது ஏன் வந்தது என்பதும் இந்தக் கேள்வியோடு சேர்ந்ததுதான். ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டபோது நிதியமைச்சராக இருந்த சி.டி. தேஷ்முக் சொன்ன காரணங்களில் ஒன்று, முந்தைய பத்து வருடங்களில் 25 ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் மூடப்பட்டன, இன்னும் 25 கம்பெனிகளின் பாலிசிகளை நஷ்டத்தோடு வேறிடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது என்பது. அப்போதும் 1938 சட்டம் இருந்தது. முதலாளிகள் பாலிசிதாரர் பணத்தைத் தங்கள் வேறு தொழில்களுக்குத் திருப்பிவிட்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்தக் கம்பெனியும் தன் வலைத்தளத்தில் 'பப்ளிக் டிஸ்க்ளோஷர்ஸ்' என்ற பக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த எண்ணைப் போட்டாக வேண்டும். ஏஜென்ட் காட்டும் ஒரே ஒரு எண்ணைப் பார்க்காமல் நாலைந்து வருடத்து எண்ணை வரிசையாக எழுதிப் பாருங்கள். 2.4, 2.1, 1.9, 1.65 என்று இறங்கிக்கொண்டே வந்து, முதலாளியும் புது மூலதனம் போடாமல் இருந்தால் யோசியுங்கள். வியாபாரம் வேகமாக வளர்ந்து, அதனால் இறங்கி, நடுநடுவே மூலதனம் வந்திருந்தால் அது வேறு கதை. 1.5-க்கு மேல் ஒழுங்காக நிற்கும் இரண்டு கம்பெனிகளில், கிளெயிம் எப்படித் தருகிறார்கள் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசி என்றால் நீங்கள் வேறு கம்பெனிக்கு மாறினாலும் இழப்பது குறைவு, வயது கூடியதால் புது பிரீமியம் ஏறுவதுதான் நஷ்டம். 20 வருடம் சேர்த்து வைக்கிற பாலிசி என்றால் அதிகம் யோசிக்க வேண்டும், போட்ட பணம் உள்ளே இருக்கிறது.

'நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்' என்று பின்னூட்டத்தில் கட்டாயம் ஒருவர் கேட்பார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் மனைவிக்கும் இருக்கும் மருத்துவ பாலிசி, மேலே சொன்ன பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் கம்பெனிகளில் ஒன்றில்தான். போன வருடம் அவளுடைய கண்புரை ஆபரேஷனுக்குப் பதினோரு நாளில் பணம் வந்தது. என் பையன் மாற்றச் சொல்லி நச்சரிக்கிறான். 67 வயதில், சர்க்கரையோடு, வேறு கம்பெனி என்னை எடுத்துக்கொள்ளுமா என்று முதலில் அவன் விசாரிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.