வெளியே இருந்த மெக்சிகோ

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அந்தோனியோ நகரில் வெளிவந்த 'லா பிரென்சா' என்ற ஸ்பானிய மொழிப் பத்திரிகை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு நெருடல். அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த மெக்சிகோ மக்களிடம் 'ஒருநாள் ஊர் திரும்புவோம்' என்றே அந்தப் பத்திரிகை சொல்லிக்கொண்டிருந்தது. பலர் திரும்பவே இல்லை. அவர்களை அது ஏமாற்றியது என்று சொல்லலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதியவர்களே திரும்பிவிடுவோம் என்று நம்பியவர்கள்தான்.

அதைத் தொடங்கிய இக்னாசியோ லொசானோ, மெக்சிகோவிலிருந்து 1908இல் டெக்சாஸுக்கு வந்தவர். 'லா பிரென்சா' முதல் இதழ் வெளிவந்தது 1913 பிப்ரவரி 13. அந்த வாரம் மெக்சிகோ நகரத்தில் அதிபர் மதேரோவைக் கவிழ்க்கப் பீரங்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே தெரியாமல் எல்லைக்கு இந்தப் பக்கம் தவித்தவர்களுக்கு ஊர்ச் செய்தி எவ்வளவு அவசரமாக இருந்திருக்கும்! வார இதழ் மறு ஆண்டே நாளிதழானது. அதன் நிர்வாகி லியோனிதெஸ் கொன்சாலெஸ், துராங்கோ மாநிலத்தில் மாப்பிமி ஊரின் மேயராக இருந்து, புரட்சியில் தப்பி வந்தவர். இப்படிப்பட்டவர்கள் மூட்டையைப் பிரிக்காமலே உட்கார்ந்து எழுதினார்கள். தங்கள் சமூகத்தை 'வெளியே இருக்கும் மெக்சிகோ' என்றார்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. 1926இல் லொசானோ லாஸ் ஏஞ்சலஸில் 'லா ஒபினியோன்' தொடங்கினார், அதுவும் மெக்சிகோவின் விடுதலை நாளான செப்டம்பர் 16 அன்று. அப்புறம் பொருளாதார மந்தம் வந்தது. 1931 பிப்ரவரி 26 அன்று அந்நகரின் லா பிளாசீத்தா பூங்காவை அதிகாரிகள் சுற்றிவளைத்து, சுமார் 400 பேரை மறித்து விசாரித்தார்கள். அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளும் மெக்சிகோவுக்கு ரயிலேற்றி அனுப்பப்பட்ட காலம் அது. பத்திரிகை ஆசையாகச் சொன்ன 'திரும்புவோம்', அதிகாரியின் வாயில் 'திரும்பிப் போ' ஆனது. 'லா ஒபினியோன்' அந்தச் சோதனைகளை விடாமல் எழுதியது, உண்மை. ஆனாலும் 'இது எங்கள் ஊரும்தான்' என்று அடித்துச் சொல்லும் குரலை அந்த இதழ்கள் முன்பே வளர்த்திருக்க வேண்டும். அங்கே அவை தவறின என்றே நினைக்கிறேன்.

லொசானோ 1953இல் இறந்தார். 'லா பிரென்சா' அடுத்த பத்தாண்டில் நின்றுபோனது. 'லா ஒபினியோன்' தொடர்ந்தது. மாப்பிமியின் முன்னாள் மேயருக்கு 1916இல் சான் அந்தோனியோவில் பிறந்த மகன் ஹென்றி, 1961இல் அதே நகரத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.