வங்கு சீவாமல் பலகை ஒட்டாதீர்கள்: மரக்கப்பல் கேள்வி பதில்

கிட், அதாவது பாகங்கள் வெட்டி வரும் பெட்டி, வாங்கி மாதிரி மரக்கப்பல் கட்டும் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பதில்களில் இரண்டு தோணிச் சொற்கள் அடிக்கடி வரும். கப்பலின் அடிமரம் ஏரா. கையேட்டில் கீல் என்றிருக்கும். ஏராவின் குறுக்கே நின்று கப்பலுக்கு உருவம் கொடுக்கும் விலாச்சட்டம் வங்கு. கிட்டில் அது பிளைவுட்டில் வெட்டிய பல்க்ஹெட்.

மூன்று பாய்மரப் போர்க்கப்பல் கட்ட ஆசை. 'விக்டரி' கிட் பார்த்து வைத்திருக்கிறேன். இதற்கு முன் கட்டியதில்லை. வாங்கலாமா?
வாசகர், நாகர்கோவில்

இப்போது வேண்டாம். டிராஃபல்கர் போரின்போது விக்டரியில் 104 பீரங்கிகள். கீழ்த்தளத்துக் குழல்களுக்கு வெறும் முனை போதும் என்றாலும், மேல்தளத்தில் ஒவ்வொன்றுக்கும் வண்டி, சக்கரம், கயிறு, கப்பி எல்லாம் வேண்டும். ஒரே வேலையை நூறு முறை செய்யும்போது, முதல் தவறும் நூறு முறை திரும்ப வரும். இத்தகைய பெரிய கிட்கள் முதல் அடுக்குப் பலகையோடு பரணுக்குப் போய்விடுவது இதனால்தான்.

மாடல் ஷிப்வேஸ் நிறுவனம் புதியவர்களுக்கென்றே மூன்று சிறு படகுகளை வரிசைப்படுத்தியிருக்கிறது. முதலாவது 1:24 அளவில் லோவல் டோரி. அடிப்பாகம் தட்டை, பலகைகள் சில, அவையும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து வருபவை. பலகையை வளைப்பது, விளிம்பைச் சரிவாகச் சீவுவது, இருபக்கமும் சமமாக வைப்பது ஆகிய மூன்றும் இதிலேயே கைக்கு வரும். அடுத்து நார்வே பிராம், அதன் பின் பாயோடு கூடிய லாப்ஸ்டர் ஸ்மேக். பிறகு ஒற்றைப் பாய்மரக் கப்பல் ஒன்று. விக்டரி அதன் பின்.

எந்தக் கிட் வந்தாலும் முதல் நாளில் பசை எடுக்காதீர்கள். பாகப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். பட்டைகளின் அகலத்தை வெர்னியரில் அளங்கள். 5 மி.மீ. என்று போட்டிருப்பதில் 4.8-ம் வரும், 5.2-ம் வரும். ஒரே அளவுள்ளவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என்று கட்டி வையுங்கள்.

இரட்டைப் பலகை கிட். முதல் அடுக்கு 1.5 x 5 மி.மீ. லைம்வுட். நடுவில் அழகாக உட்கார்ந்த பலகைகள் அணியத்தில் (முன்முனையில்) ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன, பின்னால் வாய் பிளக்கின்றன. போதாததற்குக் கப்பலே வாழைக்காய் போல லேசாக வளைந்துவிட்டது. கிட்டின் கோளாறா?
வாசகர், தக்கலை

பெரும்பாலும் கிட்டின் கோளாறு இல்லை. மூன்று குறைகளுக்கும் மூன்று காரணங்கள். மூன்றும் பலகை ஒட்டும் முன்பே பார்த்திருக்க வேண்டியவை. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் ஏரா. பெட்டியிலிருந்து எடுத்ததும் கண்ணாடிப் பலகையில் படுக்கவைத்துப் பாருங்கள். 1 மி.மீ. தூக்கல் என்றால் குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு இரண்டு நாள் விடுங்கள். 2 மி.மீ.க்கு மேல் என்றால் அதே கனத்தில் நல்ல பிளைவுட் வாங்கி, பழையதை அச்சாக வைத்துப் புதிதாக வெட்டிக்கொள்வதே மேல். வங்குகளை ஒட்டும்போது ஒவ்வொன்றுக்கும் மூலைமட்டம் வையுங்கள். வங்குக்கும் வங்குக்கும் நடுவே ஏராவின் இரு பக்கமும் சதுர மரத்துண்டு அடைத்து ஒட்டினால் எலும்புக்கூடு அசையாது.

அடுத்து வங்கு சீவல். கப்பலின் முன்பாதியில் உடல் முன்னோக்கி ஒடுங்குகிறது. லேசர் வெட்டு நேர் செங்குத்து. ஆகவே முன்பாதி வங்குகளின் முன்விளிம்பு பலகையை முட்டும்; அதைச் சரிவாகச் சீவ வேண்டும். பின்விளிம்பைத் தொடக்கூடாது, கப்பலின் உண்மையான உருவம் அதில்தான் இருக்கிறது. பின்பாதியில் இது தலைகீழ்: பின்விளிம்பைச் சீவி முன்விளிம்பை விட்டுவிடுங்கள். லேசர் கருக்கிய கோடு இங்கே நல்ல வழிகாட்டி. தொடக்கூடாத விளிம்பில் அந்தக் கருப்பு மெல்லிய கோடாக மிஞ்சியிருக்கும் வரை உருவம் கெடவில்லை என்று பொருள். மற்ற இடத்தில் கருப்பு முழுதும் போக வேண்டும், கரியின்மேல் பசை பிடிக்காது. நேர்க்கட்டையில் 120 உப்புத்தாள் ஒட்டி, ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வங்குகளைத் தொடுமாறு தேய்க்கவும். நடுநடுவே ஒரு பட்டையை நான்கு வங்குகளின்மேல் படியவைத்துப் பாருங்கள். வங்கின் முழுக் கனத்திலும் அது உட்கார வேண்டும். ஒரு முனையில் ஒளி தெரிந்தால் இன்னும் சீவல் பாக்கி. ஏறத்தாழ முக்கால் மீட்டர்க் கப்பலுக்கு இந்த வேலை இரண்டு மூன்று மாலைகள் எடுக்கும். எடுக்கட்டும். அணியத்தில் முதல் இரண்டு வங்குகளுக்கு நடுவே மென்மரக் கட்டை அடைத்து உருட்டிச் சீவினால், பலகைக்குப் பிடிமானம் பல மடங்கு.

இப்போது உங்கள் ஏறலுக்கும் பிளவுக்கும் வருவோம். கப்பல் நடுவில் பருத்தது. இரு முனையிலும் சுற்றளவு வேறு. ஒரே அகலப் பட்டை எல்லா இடத்திலும் பொருந்தாது. ஒரு காகிதப் பட்டையால் தள விளிம்பிலிருந்து ஏரா வரை ஒவ்வொரு வங்கையும் அளங்கள். நடு வங்கு 90 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்: 5 மி.மீ. பலகை 18. அணியத்து வங்கு 54 மி.மீ. என்றால் 54-ஐ 18-ஆல் வகுக்க 3 மி.மீ. அதாவது ஒவ்வொரு பலகையும் நடுவில் 5, அணியத்தில் 3 என்று ஒடுங்க வேண்டும். இந்த ஒடுக்கம் பாதி அகலமான 2.5-க்குக் கீழே போகக்கூடாது. போனால் இரண்டு பலகைகளை ஒன்றாக்கி, ஒன்றை இடையிலேயே நிறுத்திவிட வேண்டும். பின்புறம் 108 மி.மீ. என்றால் 18 பலகை 90-ஐத்தான் மூடும். மிச்சம் 18 மி.மீ.க்கு ஆப்பு வடிவில் மூன்று நான்கு இடைப்பலகைகள். உங்களுக்கு வாய் பிளந்த இடம் இதுதான். அதை இழுத்து மூட முயன்றால் பலகை புரண்டு விளிம்பு எழும்பும்.

வாழைக்காய் வளைவு ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் தொடங்கியதால் வந்தது. இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் ஒட்ட வேண்டும். முதல் அடுக்கு மட்டும் முடிந்திருக்கிறது என்பதால் இன்னும் வழி உண்டு. ஏறிய இடங்களைச் சீவி, குழிகளில் மரப்புட்டி அடைத்து, 120, பிறகு 180 தாளால் தேயுங்கள். இரண்டாம் அடுக்கை மேலே சொன்ன கணக்குப்படி வெட்டி ஒட்டுங்கள். உடல் வளைவு 3 மி.மீ.க்கு மேல் என்றால் இரண்டாம் அடுக்கு அதை மறைக்காது. ஏராவோடு புதிதாகத் தொடங்குவதுதான் நேர்வழி.

ஜூலை மழையில் ஒட்டிய பலகைகளுக்கு நடுவே பிப்ரவரியில் முடி நுழையும் அளவு இடைவெளி. பசை சரியில்லையா?
வாசகர், மார்த்தாண்டம்

பசையின்மேல் குற்றமில்லை. மரம் ஈரத்தில் அகலவாக்கில் விரியும், நீளவாக்கில் கிட்டத்தட்ட விரியாது. நம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும். ஊறிய பலகை 2 சதவீதம் விரிந்திருந்தாலே 5 மி.மீ.க்கு 0.1 மி.மீ. ஆகிறது, காய்ந்ததும் அத்தனையும் இடைவெளி.

வளைப்பதற்காக ஊறவைத்த பலகையை ஈரத்தோடு ஒட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. லைம்வுட் பட்டைக்கு 20 நிமிட ஊறல் போதும். உண்மையில் வளைப்பது வெப்பம்தான், தண்ணீர் அந்த வெப்பத்தை உள்ளே கொண்டுபோகிறது. சால்டரிங் அயர்னிலோ இஸ்திரிப் பெட்டியின் நுனியிலோ மெல்ல வளைத்து, பசையில்லாமல் கப்பலின்மேல் துணி கிளிப் போட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் காய்ந்து வடிவம் பிடித்திருக்கும். அப்போது ஒட்டுங்கள். வால்நட் பட்டை சட்டென்று ஒடியும், அதற்கு இன்னும் நிதானம் வேண்டும்.

உங்கள் இடைவெளிகளை அதே மரத்தூளும் வெள்ளைப் பசையும் குழைத்து இந்தக் காய்ந்த மாதங்களிலேயே அடைத்துவிடுங்கள். மழையில் அடைத்தால் மறுபடி திறக்கும்.

ஃபெவிக்விக் தொட்ட இடமெல்லாம் வெள்ளைப் படலம் படிகிறது. எப்படி எடுப்பது?
வாசகர், கருங்கல்

அது பசையின் ஆவி பக்கத்து மரத்தில் படிந்து காற்றின் ஈரத்தோடு இறுகியது. மெல்லத் தேய்த்து, எண்ணெய் அல்லது அரக்கு பாலிஷ் பூசினால் பெரும்பாலும் மறையும். இனி ஊசி முனையால் துளி வையுங்கள், மின்விசிறி லேசாக ஓடட்டும். வெளியே தெரியும் மரத்துக்கு வெள்ளைப் பசைதான். குப்பியைச் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பின் திறங்கள். குளிர்ந்த குப்பிக்குள் ஈரம் புகுந்தால் கெட்டியாகிவிடும்.

எங்கள் வீட்டில் வலை நைலான் நூல் நிறைய இருக்கிறது. பாய்மரக் கயிறுகளுக்கு அதையே போடலாமா? ஏணிக்கயிறு கட்டும் முறையும் சொல்லுங்கள்.
வாசகர், முட்டம்

நைலான் வேண்டாம். வழுக்கும், முடிச்சு தானே அவிழும், பளபளப்பு கயிறு போலத் தெரியாது. தொங்க வேண்டிய கயிறு கம்பி போல விறைத்து நிற்கும். பருத்தி நூலுக்கு வேறு குறை: முறுக்கிய பருத்தி ஈரத்தில் சுருங்கி இழுக்கும், காய்ந்தால் தளரும். மார்ச்சில் விறைப்பாகக் கட்டியது ஜூனில் பாய்மரத்தையே வளைக்கும். கடற்கரை வீட்டுக்குப் பாலியஸ்டர் நூலே நல்லது. பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் கருப்பு அல்லது அடர்பழுப்பு. பாயை இழுக்கும் ஓடுகயிறுகள் வெளிர்பழுப்பு.

நூலின் பிசிறு அடங்க, மார்த்தாண்டத்துத் தேன்மெழுகில் ஒரு முறை இழுத்து, விரல்களுக்கு நடுவே சூடேற உருவிவிடுங்கள். ஒரு முறைக்கு மேல் வேண்டாம். மெழுகு தூசியைப் பிடிக்கும், முடிச்சில் வைக்கும் பசையும் ஒட்டாது.

நிலைக்கயிறுகளின் குறுக்கே படிபடியாகக் கட்டும் ஏணிக்கயிறு உண்மைக் கப்பலில் 13 முதல் 15 அங்குல இடைவெளியில் இருக்கும். 1:72-ல் அது 5 மி.மீ. வெள்ளை அட்டையில் 5 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு நிலைக்கயிறுகளுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். முடிச்சு இப்படி: நூலை நிலைக்கயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து தன் மேலேயே குறுக்காகக் கடத்தி, இன்னொரு சுற்றுச் சுற்றி, அந்தக் குறுக்குக்கு அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். வலையை மேல்கயிற்றோடு பிணைப்பவர் கைக்கு இது புதிதாக இருக்காது. ஆறு நிலைக்கயிறு, இருபது படி என்றால் ஒரு பக்கத்துக்கே 120 முடிச்சு.

இங்கே கெடுவது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு படியையும் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் ஓரத்து நிலைக்கயிறுகள் உள்ளே வந்து, ஏணி உடுக்கை போல இடுங்கிவிடும். முதலில் ஐந்து படிக்கு ஒன்றாகக் கட்டுங்கள், அகலத்தை அளங்கள், பிறகு நடுவிலுள்ளவற்றை நிரப்புங்கள். முடிச்சுகளில் நீர்த்த வெள்ளைப் பசையை ஒற்றுங்கள். காயும் வரை நுனியை வெட்டாதீர்கள்.

1741-ல் எங்கள் ஊரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக்காரர்களின் கப்பலைக் கட்ட வேண்டும். 'பட்டாவியா' கிட் பொருந்துமா?
வாசகர், குளச்சல்

பட்டாவியா 1628-ல் கட்டப்பட்டு, 1629-ல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் பாறைத்திட்டில் மோதி உடைந்தது. குளச்சல் போருக்கு 112 ஆண்டு முந்தியது. பின்புறம் மிக உயரம், அணியத்தில் முன்னோக்கி நீட்டிய மரத்தின் நுனியில் ஒரு குட்டிப் பாய்மரம். 1741-க்குள் இரண்டும் மாறிவிட்டன: பின்புறம் தாழ்ந்தது, குட்டிப் பாய்மரம் போய் முக்கோணப் பாய்கள் வந்தன.

காலத்தால் நெருங்கியது அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ஆம்ஸ்டர்டாம்'. 1748-ல் கட்டப்பட்டு, 1749 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கரையில் தரைதட்டியது. அதன் முழு அளவு மாதிரி ஆம்ஸ்டர்டாம் கடல்சார் அருங்காட்சியகத்தில் மிதக்கிறது. வரைபடத்திலிருந்து கட்டுவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கப்பலின் நீளம் 150 அடி என்பது ஆம்ஸ்டர்டாம் அடியில். அந்த அடிக்கு 11 அங்குலம், நம் கணக்கில் 28.3 செ.மீ. ஆகவே கப்பல் 42.5 மீட்டர், 1:72-ல் 59 செ.மீ. ஆங்கில அடியாக எண்ணிவிட்டால் 63.5 செ.மீ. வந்து, பாய்மரம், பீரங்கி எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும்.

பீடத்தில் 'குளச்சலுக்கு வந்த கப்பல்' என்று எழுத வேண்டாம். 'குளச்சல் போர்க் காலத்து டச்சுக் கம்பெனிக் கப்பல் வகை' என்று எழுதுங்கள். அதுதான் உண்மை.

ரப்பர், தேக்கு எங்களிடம் தாராளம். கிட்டில் உடைந்த பட்டைகளுக்குப் பதில் இதில் அறுக்கலாமா?
வாசகர், குலசேகரம்

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்தேற்றாவிட்டால் பூஞ்சை நீலம் பாயும், வண்டு துளைக்கும். ஒரு துளைப்பு கப்பல் முழுதும் பரவும். தேக்கு நல்ல மரம், ஆனால் அதன் நுண்துளைகள் பெரியவை. 0.3 மி.மீ. துளை 1:64 கப்பலில் 2 செ.மீ. ஓட்டையாகத் தெரியும். பீடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மரக்கடையில் மஞ்சக்கடம்புத் துண்டு கேட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறம், நெருங்கிய இழை, கூர்விளிம்பு நிற்கும். கப்பி, சிற்ப வேலைக்கு வெட்பாலை. சன்னப்பட்டணத்துப் பொம்மைகள் கடைவது அதில்தான். 1 மி.மீ. கனப் பிளேடில் 1.5 மி.மீ. பட்டை அறுத்தால் ஒவ்வொன்றுக்கும் 2.5 மி.மீ. செலவு: 100 மி.மீ. பலகையில் 40 பட்டை, ஐந்தில் இரண்டு பங்கு தூள். முகக்கவசம் கட்டாயம். மர ஆணிக்கு மூங்கிலை மிஞ்சியது எதுவுமில்லை.

கண்ணாடிப் பெட்டியில் வைத்த பழைய கிட் கப்பலின் பீரங்கிகளில் வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது. உப்புக்காற்றா?
வாசகர், கன்னியாகுமரி

உப்புக்காற்று பித்தளையைப் பச்சையாக்கும். வெள்ளைத் தூள் என்றால் வார்ப்பில் ஈயம் இருப்பதாகவே கொள்ளுங்கள். மூடிய பெட்டிக்குள் புது பிளைவுட்டும், புளித்த வாடை வீசும் சிலிக்கான் பசையும் விடும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். தூளை ஊதாதீர்கள், நஞ்சு. கையுறை போட்டு ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிய பையில் போட்டு எறியுங்கள். பள்ளம் விழுந்த பீரங்கிகளைப் பித்தளையிலோ ரெசினிலோ மாற்றிவிடுங்கள். பெட்டியின் அடிப்பலகைக்கு எல்லாப் பக்கமும் இரண்டு கை சீலர் அடித்து, வாடை முற்றிலும் போன பின் மாட்டுங்கள். கீழே எதிரெதிர் மூலைகளில் 10 மி.மீ. துளை இரண்டு போட்டு, பூச்சி புகாமல் உள்ளிருந்து வலை ஒட்டுங்கள்.